படம் வரையத் தெரியும், விலை சொல்லத் தெரியவில்லை

கேள்வி: கும்பகோணம் கவின் கலைக் கல்லூரியில் படித்துவிட்டுச் சில ஆண்டுகளாகத் தனியாக ஓவியம் வரைந்து பிழைக்கிறேன். சிறுவர் நூல்கள், பத்திரிகைக் கதைகள், அவ்வப்போது விளம்பரங்கள். வேலை வருகிறது, பணம் நிற்பதில்லை. எவ்வளவு கேட்பது, எதில் கையெழுத்துப் போடுவது, பில் எப்படி எழுதுவது, எதையும் கல்லூரியில் சொல்லித்தரவில்லை. போதாக்குறைக்கு, புத்தக அட்டைக்கு நான் வரைந்த படம் ஒன்றைப் பதிப்பகம் இப்போது நாட்காட்டியிலும் போட்டிருக்கிறது. இந்த வியாபாரப் பக்கத்தை எங்கிருந்து கற்கத் தொடங்குவது?

பதில்:

இப்படிக் கேட்டால் பெரும்பாலோர் "முதலில் ஒரு நல்ல ஆடிட்டரைப் பாருங்கள்" என்பார்கள். ஆடிட்டர் வேண்டியவர்தான். ஆனால் அவர் வந்த பணத்துக்குத்தான் கணக்கு எழுதுவார். வராமல் போன பணம் அவர் கண்ணில் படாது. ஓவியர் கையிலிருந்து பணம் நழுவுவது பில் போடுவதற்கு வெகு முன்பே, எதை விற்கிறோம் என்று தெரியாமல் விலை சொல்லும் அந்த முதல் தொலைபேசிப் பேச்சில். ஆகவே 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்திலிருந்து தொடங்குங்கள். மிரள வேண்டாம். நமக்கு வேண்டியவை ஏழெட்டுப் பிரிவுகள்தாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். பதிப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்திலேயே சட்டம் முழுவதும் கிடைக்கிறது.

ஒரு படத்தை வரைந்து முடிக்கும்போது இரண்டு உடைமைகள் பிறக்கின்றன. ஒன்று, கையில் இருக்கும் தாள் அல்லது கணினிக் கோப்பு. மற்றது, அதைப் படியெடுக்க, அச்சிட, வெளியிட, மாற்றியமைக்க உள்ள உரிமை. தாளை வாங்கியவருக்கு உரிமை தானாகப் போய்விடாது. வாடிக்கையாளர் பணம் தருவது பெரும்பாலும் இந்த இரண்டாவதற்காகத்தான். அதை வீடுபோல வாடகைக்கும் விடலாம், கிரயமும் எழுதிக்கொடுக்கலாம். ஒரு புத்தகத்தின் தமிழ்ப் பதிப்பு அட்டைக்கு மட்டும், ஐந்து ஆண்டுகளுக்கு மட்டும் என்று அனுமதி தந்தால் அது வாடகை. எல்லா உரிமைகளையும் மாற்றிக்கொடுத்தால் கிரயம். நம் ஊரில் நடப்பது என்னவென்றால், ஒரு மாத வாடகையை வாங்கிக்கொண்டு பத்திரத்தையே எழுதிக்கொடுத்துவிடுகிறோம். எழுதிக்கொடுக்கிறோம் என்பதுகூடச் சரியில்லை, வாய்ச்சொல்லிலேயே விட்டுவிடுகிறோம்.

சட்டத்தின் 17ஆம் பிரிவைக் கவனமாகப் படியுங்கள். படைத்தவரே பதிப்புரிமையின் முதல் உரிமையாளர் என்று அது தொடங்குகிறது. அதோடு நிறுத்திக்கொண்டு மகிழ்ந்துபோகிறவர்கள் பலர். அடுத்து விதிவிலக்குகள் வருகின்றன. ஒருவர் கேட்டுக்கொண்டு, அதற்குப் பணமும் கொடுத்து, அதன்பேரில் எடுத்த புகைப்படம், தீட்டிய ஓவியம் அல்லது உருவப்படம், செதுக்குச் சித்திரம், திரைப்படம் ஆகியவற்றுக்கு, வேறு விதமான உடன்பாடு இல்லாவிட்டால், கேட்டவரே முதல் உரிமையாளர். அதாவது நீங்கள் ஒன்றும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை என்றால் சட்டம் பணம் கொடுத்தவர் பக்கம் சாய வாய்ப்பு இருக்கிறது. இதே சட்டம் "கலைப் படைப்பு" என்பதை விளக்கும் இடத்தில் ஓவியம் (painting), வரைபடம் (drawing) இரண்டையும் தனித்தனியாகச் சொல்கிறது. இந்த விதிவிலக்கிலோ வரைபடத்தைச் சேர்க்கவில்லை. மைக்கோட்டில் போட்ட கதைச் சித்திரம் ஓவியமா, வரைபடமா என்று வழக்கறிஞர்கள் வாதாடலாம். அந்த வாதத்துக்கு நீங்கள் செலவு செய்ய வேண்டாம். "பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும்" என்று வேலைக்கு முன்னால் எழுத்தில் ஒரு வரி இருந்தால் போதும், அதுதான் சட்டம் சொல்லும் வேறு விதமான உடன்பாடு.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஓவியத் தொழிலைப் பற்றி இணையத்தில் கிடைக்கும் ஆங்கிலக் காணொளிகள் பெரும்பாலும் லண்டனிலோ நியூயார்க்கிலோ எடுத்தவை. பிரிட்டனில் 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி, பணம் கொடுத்து வரையச் சொன்னாலும் உரிமை வரைந்தவருக்கே. அமெரிக்காவில் விதி இன்னொரு மாதிரி. அங்கே சொல்லும் "கவலைப்படாதே, உரிமை உன்னுடையதுதான்" என்ற ஆறுதலை மயிலாப்பூரில் நம்பிவிடக் கூடாது.

அடுத்து 18, 19ஆம் பிரிவுகள். உரிமையை மாற்றிக்கொடுப்பது எழுத்தில் இருக்க வேண்டும், கொடுப்பவர் கையெழுத்து இருக்க வேண்டும். எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமை, எத்தனை காலம், எந்த நிலப்பரப்பு, எவ்வளவு பணம் எல்லாம் அதில் குறிப்பிட வேண்டும். காலம் குறிக்காவிட்டால் ஐந்து ஆண்டு என்று கொள்ளப்படும். இடம் குறிக்காவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கியவர் ஓர் ஆண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு ஏதும் சொல்லியிராதபோது, அது காலாவதியாகிவிடும். 2012ஆம் ஆண்டுத் திருத்தம் இன்னொன்றையும் சேர்த்தது: ஒப்பந்தம் போட்ட நாளில் வழக்கத்தில் இல்லாத ஊடகத்துக்கு, அதைக் குறிப்பிட்டுச் சொல்லாதவரை, உரிமை மாறாது. பெரிய நிறுவனங்களின் ஒப்பந்தங்களில் "உலகம் முழுவதும், எக்காலத்துக்கும், இன்று உள்ளவையும் இனி வரப்போகிறவையுமான எல்லா ஊடகங்களிலும்" என்று மூச்சுவிடாமல் ஒரு வாக்கியம் வருவது இந்தப் பாதுகாப்புகளை ஒவ்வொன்றாக அடைப்பதற்காகத்தான். சட்டத்தைப் படித்துவிட்டு அந்த வாக்கியத்தைப் பார்த்தால், ஒவ்வொரு சொல்லும் எந்தக் கதவைச் சாத்துகிறது என்று தெரியும். இப்படிப் படிக்கப் பழகுவதைத்தான் வியாபாரக் கல்வி என்கிறேன்.

இனி உங்கள் நாட்காட்டி விவகாரம். எழுத்தில் ஒப்பந்தம் இல்லை என்று ஊகிக்கிறேன். சட்டம் முழுக்க உங்கள் பக்கம் என்று எண்ணி மிரட்டல் கடிதம் எழுதாதீர்கள். மேலே சொன்ன 17ஆம் பிரிவை அவர்களும் படித்திருக்கலாம். அந்தக் காலத்து மின்னஞ்சல், வாட்ஸ்அப் செய்திகள், பில் ஆகியவற்றைத் தேடுங்கள். "நாவல் அட்டைக்கு ஒரு படம் வேண்டும்" என்று அவர்கள் எழுதிய ஒரு வரி கிடைத்தால் அது பெரிய துணை, பேச்சு அட்டையைப் பற்றி மட்டுமே நடந்தது என்பதற்கு அது சான்று. பிறகு பதிப்பாளருக்கு ஒரு மரியாதையான கடிதம்: "அட்டைக்காக வரைந்த படம் நாட்காட்டியில் வந்திருப்பதைப் பார்த்தேன், மகிழ்ச்சி. அந்தப் பயன்பாடு நம் பேச்சில் சேரவில்லை என்பதால் அதற்கான கட்டணப் பில்லை இணைத்திருக்கிறேன்." கூடவே பில். வழக்கமான நாட்காட்டிப் படத்துக்கு என்ன கேட்பீர்களோ அதில் பாதியைப் போடுங்கள், ஏனென்றால் புதிதாக வரையவில்லை. பெரும்பாலான பதிப்பாளர்கள் திருட்டு எண்ணத்தில் இதைச் செய்வதில்லை. கேட்க ஆள் இல்லை என்பதால் செய்கிறார்கள். பில் வந்தால் கொஞ்சம் முனகிவிட்டுக் கொடுப்பார்கள். கொடுக்காவிட்டாலும், அடுத்த முறை கேட்டுவிட்டுத்தான் எடுப்பார்கள்.

உரிமையை விற்ற பிறகும் விற்காமல் மிஞ்சுவது ஒன்று உண்டு. 57ஆம் பிரிவின்படி, படைப்பு தன்னுடையது என்று சொல்லும் உரிமையும், தன் பெயருக்கு இழுக்கு வரும்படி அதைச் சிதைப்பதைத் தடுக்கும் உரிமையும் படைத்தவரிடமே தங்குகின்றன. டெல்லி விஞ்ஞான் பவனில் சிற்பி அமர்நாத் சேகல் செய்த பெரிய வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979இல் அரசு கழற்றிக் கிடங்கில் போட்டது. பணம் கொடுத்து வாங்கியது, அரசுக்கே சொந்தமானது. ஆனாலும் 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் சேகல் பக்கமே தீர்ப்பளித்தது: மிஞ்சியதைத் திருப்பிக் கொடுக்கவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கவும் உத்தரவிட்டது. உங்கள் படத்தில் இருக்கும் கையெழுத்தை வெட்டிவிட்டு அச்சிடும் இதழாசிரியரிடம் இந்த வழக்கைச் சொல்லிப் பாருங்கள்.

பதிவைப் பற்றி ஒரு சொல். பதிப்புரிமை கிடைக்கப் பதிவு தேவையில்லை, வரைந்த கணமே உரிமை உண்டு. விரும்பினால் கலைப் படைப்புக்கு 500 ரூபாய் கட்டிப் பதிவு செய்யலாம்; பொருள்களின் மேல் லேபிளாகப் பயன்படும் படமென்றால் 2,000. எல்லாப் படத்துக்கும் இது வீண்செலவு. பாத்திரமாக வளரக்கூடிய உருவம், தொடர் சித்திரத்தின் நாயகன், சின்னம் போன்றவற்றுக்குச் செய்துவைக்கலாம். திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வரைவதாக இருந்தால் மட்டும் தனியாக ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள்: வடிவமைப்புச் சட்டத்தில் பதிவு செய்யத்தக்க வடிவத்தைப் பதிவு செய்யாமல் ஐம்பது உருப்படிக்கு மேல் தொழில்முறையில் அடித்துவிட்டால் பதிப்புரிமை போய்விடும் என்று 15ஆம் பிரிவு சொல்கிறது. அங்கே கால் வைக்கும் ஓவியர்கள் பலருக்கு இது தெரியாது.

விலைக்கு வருவோம். "நீங்களே பார்த்துக் கொடுங்கள்" என்று சொல்வதை இன்றோடு நிறுத்துங்கள். பணிவு என்று நினைத்துச் சொல்கிறோம். எதிரில் இருப்பவருக்கோ அது தன் வசதிக்கு ஏற்ப விலை வைத்துக்கொள்ள வந்த அழைப்பு. "ஒரு படத்துக்கு எவ்வளவு?" என்ற கேள்விக்கும் உடனே எண் சொல்லாதீர்கள்; என்ன படம், எங்கே வரும் என்று தெரியாமல் சொல்லும் எண் எதுவாக இருந்தாலும் தப்பாகத்தான் இருக்கும்.

முதலில் அடிவிலை ஒன்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு மாதிரிக் கணக்கு போடுகிறேன், எண்களை உங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள். வீட்டுச் செலவுக்கு மாதம் 40,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 4,80,000. கணினி, வரைபலகை தேய்மானம், மென்பொருள் சந்தா, இணையம், மின்சாரம், காகிதம், பயணம் எல்லாம் சேர்த்து 1,20,000. வரிக்கும் சேமிப்புக்கும் இன்னொரு 1,20,000. ஆக 7,20,000. ஆண்டில் எத்தனை நாள் காசுக்கு வரைவீர்கள்? ஞாயிறு, பண்டிகை, காய்ச்சல் போக ஏறத்தாழ 280 நாள். அதில் பாதி, வேலை தேடுவது, பேசுவது, மாதிரி அனுப்புவது, பில்லுக்கு நடையாய் நடப்பது, உங்கள் சொந்தப் பயிற்சி என்று போய்விடும். 144 நாள் என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 5,000 ரூபாய். இதற்குக் கீழே வாங்கும் ஒவ்வொரு வேலைக்கும் நீங்கள் கையிலிருந்து பணம் போடுகிறீர்கள். சிலர் மாதச் செலவை முப்பதால் வகுத்து 1,333 ரூபாய் என்று விலை சொல்கிறார்கள். வேலை குவிந்தும் கடன் குறையாததற்குக் காரணம் பெரும்பாலும் இந்த ஒரு வகுத்தல்தான்.

அடிவிலை உழைப்புக்கு. அதன் மேல் பயன்பாட்டுக்கான தொகை ஏறும். எவ்வளவு பெரிய பரப்பு, எத்தனை காலம், வேறு யாருக்கும் தரக்கூடாது என்கிறார்களா, அந்தப் படத்தால் அவர்களுக்கு என்ன வியாபாரம், இவற்றைப் பொறுத்தது அது. ஒரே மாமரத்தை இலக்கியச் சிற்றிதழுக்கும் வரையலாம், குளிர்பான விளம்பரப் பலகைக்கும் வரையலாம். கை உழைப்பு ஒன்றுதான், விலை ஒன்றாக இருக்க முடியாது.

விருதுநகரிலிருந்து மசாலாப் பொடி வியாபாரி ஒருவர் கூப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். "பாக்கெட்டில் போட நம் ஊர் அம்மா ஒருத்தி அம்மியில் அரைக்கிற மாதிரி ஒரு படம் வேண்டும் தம்பி, எவ்வளவு ஆகும்?" நீங்கள்: "செய்துவிடலாம் அண்ணாச்சி. எத்தனை பொடிக்கு வருகிறது? பாக்கெட்டோடு நிற்குமா, கடைப் பலகை, டிவி எல்லாம் உண்டா? சரக்கு எந்தெந்த ஊருக்குப் போகிறது?" இந்த மூன்று கேள்விகளுக்கு அவர் சொல்லும் பதிலில் விலை பாதி வந்துவிடும். பிறகு "மாலைக்குள் எழுதி அனுப்புகிறேன்" என்று சொல்லிவிட்டு வையுங்கள். மாலையில் அனுப்ப வேண்டியது இது:

"அண்ணாச்சி, வணக்கம். காலையில் பேசியதை எழுதிவிடுகிறேன். சாம்பார்பொடி, ரசப்பொடி, மிளகாய்ப்பொடி மூன்று பாக்கெட்டுகளுக்கும் பொதுவாக ஒரு வண்ணப்படம். முதலில் இரண்டு பென்சில் வரைவுகள் காட்டுவேன். தேர்ந்தெடுத்த வரைவில் இரண்டு முறை திருத்தம் கட்டணத்தில் அடக்கம்; அதற்கு மேல் ஒவ்வொரு முறைக்கும் ரூ. 2,500. பாக்கெட்டில் மட்டும், தமிழ்நாடு, புதுச்சேரியில், 3 ஆண்டுகளுக்கு என்றால் ரூ. 45,000. பாக்கெட், விளம்பரம், பலகை எல்லாம் சேர்த்து, இந்தியா முழுவதும், 5 ஆண்டுகளுக்கு என்றால் ரூ. 85,000. படத்தின் எல்லா உரிமைகளையும் நிரந்தரமாக எழுதித்தர ரூ. 2,00,000, அதற்குத் தனி ஒப்பந்தம் போட வேண்டும். முதல் இரண்டில் பதிப்புரிமை என்னிடமே இருக்கும். பாதித் தொகை முன்பணம், மீதி இறுதிக் கோப்பு தருவதற்கு முன். வரைவுக்குப் பின் வேலை நின்றுவிட்டால் முன்பணம் திரும்பாது. எது சரி என்று இந்த அஞ்சலுக்கே பதில் எழுதினால் திங்கட்கிழமை தொடங்குகிறேன்."

இதில் முதல் விலை எப்படி வந்தது என்றால், ஐந்து நாள் உழைப்பு 25,000, பயன்பாட்டுக்கு 20,000. மூன்று விலை வைப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரே விலை சொன்னால் பேச்சு "குறைத்துக்கொள்ளுங்கள்" என்று போகும். மூன்று சொன்னால் "எது எனக்குப் போதும்" என்று போகும். குறைக்கக் கேட்டால் பணத்தை மட்டும் குறைக்காதீர்கள், கூடவே ஏதாவது ஒன்றையும் எடுத்துவிடுங்கள்: காலத்தை, ஊடகத்தை, பின்னணியை. சும்மா 10,000 குறைத்தால், முதலில் சொன்னது ஏமாற்று விலை என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

"பெரிய வெளிச்சம் கிடைக்கும்", "அடுத்த வேலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று வருகிறவர்களிடம் நீண்ட விளக்கம் வேண்டாம், இதே அஞ்சலை அனுப்பினால் அவர்களே காணாமல் போய்விடுவார்கள். சித்தப்பா வீட்டுக் கல்யாணப் பத்திரிகை வேறு. அதற்கு ஒன்று முழுவதும் மொய்யாக வரைந்துவிடுங்கள், அல்லது முழு விலை சொல்லுங்கள். பாதி விலைதான் குடும்பத்தில் சண்டை மூட்டும்.

புத்தகங்களில் விஷயம் சற்று வேறு. பத்திரிகைகள் படத்துக்கு இவ்வளவு என்று வைத்திருக்கும், பேச அதிக இடமில்லை. சிறுவர் படப்புத்தகத்தில் ஓவியர்தான் பாதிப் புத்தகம். ஆகவே ஒரே தொகை வாங்குவதா, முன்பணமும் ராயல்டியும் வாங்குவதா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. முன்பணம் என்பது ராயல்டியில் கழியும் பணம், அதற்கு மேல் அல்ல; அது கழிந்து முடிந்த பிறகுதான் ராயல்டி வரத் தொடங்கும். சதவீதத்தைவிட, எதன்மேல் சதவீதம் என்பதே பெரிய கேள்வி. 200 ரூபாய்ப் புத்தகத்தில் அச்சிட்ட விலைமேல் 5 சதவீதம் என்றால் பிரதிக்கு 10 ரூபாய். பதிப்பகத்துக்கு வந்த நிகரத் தொகையின்மேல் 5 சதவீதம் என்றால், விற்பனையாளருக்குப் பாதிக் கழிவு கொடுத்திருக்கும்போது, அது 5 ரூபாய்தான். இரண்டும் "5 சதவீதம்" என்றே எழுதப்பட்டிருக்கும். மொழிபெயர்ப்பு வந்தால் ஓவியருக்கு என்ன பங்கு, பாத்திரங்களைப் பொம்மையாகவோ அசைபடமாகவோ செய்தால் யாரிடம் கேட்க வேண்டும் என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும்.

திறந்த உரிமம் என்று ஒன்றையும் நீங்கள் சந்திப்பீர்கள். சிறுவர் நூல் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்துக் கதைகள், படங்கள் உட்பட, பெரும்பாலும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருகின்றன: பெயரைக் குறிப்பிட்டால் யாரும் எடுத்து மொழிபெயர்க்கலாம், அச்சிடலாம், விற்கவும் செய்யலாம். உங்கள் படம் நீங்கள் கேள்விப்படாத மொழிகளில் குழந்தைகள் கையில் போய்ச் சேரும். அதற்கு மறுபடி பணம் வராது, பிறகு மனம் மாறித் திரும்பப் பெறவும் முடியாது. தெரிந்து சம்மதித்தால் நல்ல வேலை. அப்படிப்பட்ட வேலையில், நீங்கள் தொடராக வளர்க்க நினைக்கும் பாத்திரத்தைக் கொண்டுபோய் வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

ஒப்பந்தங்களில் இப்போதெல்லாம் நான் முதலில் தேடுவது இரண்டு இடங்கள். யாராவது வழக்குப் போட்டால் நிறுவனத்தின் எல்லாச் செலவையும் ஓவியரே ஏற்க வேண்டும் என்ற இழப்பீட்டு வாசகம். அதை "ஓவியர் வேறொருவர் படைப்பை எடுத்தாண்டதாக நிரூபிக்கப்பட்டால், வாங்கிய கட்டணத்தின் அளவுவரை" என்று சுருக்கச் சொல்லுங்கள். அடுத்தது, படங்களைச் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்குப் பயன்படுத்துவது பற்றிய வரி. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுதிச் சேர்த்துவிடுங்கள். கேட்டால் மாற்றுவார்களா என்று தயங்காதீர்கள். அவர்கள் அனுப்புவது முதல் வரைவு. திருத்திக் கேட்பார்கள் என்று எதிர்பார்த்தே அனுப்புகிறார்கள்.

வேலை முடிந்த அன்றே பில். "மாதக் கடைசியில் சேர்த்து அனுப்பலாம்" என்று விட்ட பில்தான் அடுத்த நிதியாண்டுக்குத் தள்ளிப்போகும். பில்லில் எண், தேதி, உங்கள் முகவரி, பான் எண், வங்கி விவரம், என்ன உரிமை எத்தனை காலத்துக்கு என்ற ஒரு வரி, பணம் தர வேண்டிய கடைசி நாள் இருக்கட்டும். பணம் வரும்வரை, அச்சுக்குப் போதாத சிறிய அளவுப் படத்தை மட்டும் காட்டுங்கள்.

தாமதத்துக்கு ஒரு மருந்து இருக்கிறது, நம் ஆட்கள் அதைப் பயன்படுத்துவதே இல்லை. உத்யம் என்ற மத்திய அரசுத் தளத்தில் குறு நிறுவனமாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஆதாரும் பானும் போதும், கட்டணம் கிடையாது (பணம் கேட்கும் போலித் தளங்கள் நிறைய, கவனம்). 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, பதிவுள்ள குறு நிறுவனத்துக்குப் பேசிக்கொண்ட நாளுக்குள் பணம் தர வேண்டும். அந்தக் கெடு 45 நாளைத் தாண்டக் கூடாது; கெடு ஏதும் பேசாவிட்டால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. இதற்கென்று உள்ள மத்திய அரசுத் தளத்தில் புகார் கொடுத்தால், அது இத்தகைய நிலுவைத் தகராறுகளைத் தீர்க்கும் மாநில வசதியாக்கக் குழுவரை போகும். அதற்கு மேல், கெடு தாண்டிய நிலுவையை வாங்கியவர் கொடுத்து முடிக்கும்வரை தம் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்ற விதியும் 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதனால் கணக்குப் பிரிவுகள் இந்த எண்ணை மதிக்கின்றன. பில்லின் தலைப்பில் அதை அச்சிடுங்கள். நிலுவை விழுந்த பிறகு ஓடிப்போய்ப் பதிவு செய்தால் எதிர்த்தரப்பு அதையே வாதமாக்கும், ஆகவே இந்த வாரமே செய்துவிடுங்கள்.

வரியில் மூன்றே விஷயங்கள். டிடிஎஸ்: ஒரு நிறுவனம் உங்களுக்குத் தரும் தொழில்முறைக் கட்டணம் ஓர் ஆண்டில் 50,000 ரூபாயைத் தாண்டினால் அது 10 சதவீதம் பிடிக்கும். 85,000 ரூபாய்ப் பில்லுக்கு 8,500 பிடித்து 76,500 வரும். அது போன பணம் அல்ல, உங்கள் பெயரில் அரசிடம் கட்டிய வரி. கணக்குத் தாக்கல் செய்து, மிகுதியானதைத் திரும்பப் பெறலாம். உண்மையிலேயே கட்டினார்களா என்று வருமான வரித் தளத்தில் உங்கள் வரிப் பிடித்தக் கணக்கில் பாருங்கள். ஜிஎஸ்டி: சேவைக்கு ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை பொதுவாகப் பதிவு தேவையில்லை. பதிவில்லாமல் ஜிஎஸ்டி வசூலிக்கவும் கூடாது. "ஜிஎஸ்டி எண் இல்லாமல் பில் ஏற்க மாட்டோம்" என்று எழுத்தர் சொன்னால் பயந்து பதிவு செய்துவிடாதீர்கள், தவறாமல் கணக்குத் தாக்கல் செய்யும் தலைவலி உங்களுக்குத்தான். மூன்றாவது, "வரவில் பாதியை மட்டும் வருமானமாகக் காட்டினால் போதும்" என்று நண்பர்கள் சொல்லும் திட்டம். அது குறிப்பிட்ட தொழில்களுக்கானது. மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர், கட்டடக் கலைஞர், உள்ளலங்காரம் செய்பவர், திரைப்படக் கலைஞர் என்று போகும் அந்தப் பட்டியலில் ஓவியர் என்று தனியாக இல்லை. இங்கேதான் ஆடிட்டருக்குக் கொடுக்கும் பணம் செல்லும். 2026 ஏப்ரலிலிருந்து புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்களை மனப்பாடம் செய்து வைக்க வேண்டாம்.

எங்கே கற்பது என்றும் கேட்டீர்கள். அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் 1967இல் தொடங்கிய ஓவியர் சங்கமான கிராஃபிக் ஆர்ட்டிஸ்ட்ஸ் கில்டு, விலையும் தொழில் நெறியும் பற்றிய கையேடு ஒன்றைப் பதிப்புக்குப் பதிப்பு திருத்தி வெளியிடுகிறது. அதன் டாலர் விலைகள் நமக்கு உதவாது. ஒரு பயன்பாட்டை எப்படிக் கூறுபோட்டு விலை வைக்கிறார்கள் என்பதும் மாதிரி ஒப்பந்தங்களும் உதவும். நம் பக்கத்தில், சனவரிச் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் படம் காட்ட மட்டும் போகாதீர்கள். தென்னிந்தியப் பதிப்பாளர்கள், விற்பனையாளர்கள் சங்கமான பபாசி 1977இலிருந்து நடத்தும் அந்தக் காட்சியில், எந்தப் பதிப்பகம் யாரிடம் படம் வாங்குகிறது, எத்தனையாவது பதிப்பு ஓடுகிறது என்று கடை கடையாகப் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். தமிழக அரசு 2023இல் தொடங்கிய சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் காட்சி இன்னும் நல்ல வகுப்பறை. அங்கே புத்தகங்களைவிட உரிமைகளே பேசப்படுகின்றன. ஒரு நாவலின் அரபு உரிமையைத் தனியாக, மலாய் உரிமையைத் தனியாக விற்கும் பேச்சை அருகிலிருந்து பார்த்தால், நம் படங்களையும் அப்படித்தான் பிரிக்க வேண்டும் என்பது யாரும் சொல்லாமலே புரியும்.

வியாபாரம் பேசினால் கலை கெட்டுவிடும் என்ற பயம் உங்களிடம் இருப்பதாகத் தோன்றவில்லை. ஆனால் அப்படிச் சொல்பவர்கள் வருவார்கள். விகடனில் ஓவியர் கோபுலு போட்ட கோட்டை மிஞ்ச இன்றும் ஆள் தேட வேண்டும். அவர்தான் பத்திரிகையை விட்டு விளம்பரத் துறைக்குப் போய், சொந்தமாக விளம்பர நிறுவனமும் நடத்தினார்.

நம் தொழிலில் எனக்குப் பிடிக்காத ஒன்று, ஓவியர்கள் தங்களுக்குள் விலையை மறைப்பது. ஒரே பதிப்பகம் மூன்று பேருக்கு மூன்று விலை கொடுக்கிறது, மூவரும் தனக்குத்தான் அதிகம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் கல்லூரித் தோழர்களில் நம்பகமான நான்கைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு, யார் என்ன கொடுத்தார்கள், எத்தனை நாளில் கொடுத்தார்கள், ஒப்பந்தத்தில் எந்த வரியை மாற்ற ஒத்துக்கொண்டார்கள் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேசுங்கள். மார்ச் மாதக் கூட்டத்தில் எல்லோரும் அவரவர் அடிவிலையைத் திரும்பக் கணக்கிடுங்கள். ஏப்ரலிலிருந்து விலை ஏறுகிறது என்று பழைய வாடிக்கையாளர்களுக்கு மார்ச் முதல் வாரத்திலேயே இரண்டு வரி எழுதிவிடுங்கள். ஏற்கெனவே ஒப்புக்கொண்ட வேலைகளுக்குப் பழைய விலைதான் என்பதையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள்.